ஊராட்சி இல்லாத ஊரில் யாரிடம் போய் நிற்பது? எம்புடோ பள்ளத்தாக்கில் வீடு வாங்குவது குறித்து

கேள்வி: மேட்டுநிலத்தான்

வணக்கம். நானும் என் மனைவியும் பல ஆண்டுகளாக ஆல்புகர்க்கியில் வசித்து வருகிறோம். பணி ஓய்வுக்குப் பிறகு வடக்கு நியூ மெக்சிகோவில் எங்காவது அமைதியான இடத்தில் குடியேறலாம் என்ற எண்ணத்தில், ரியோ கிராண்டேயில் எம்புடோ ஆறு வந்து கலக்கும் இடத்திற்குச் சற்று மேலே இருக்கும் டிக்சனில் ஒரு சிறிய அடோபி (வெயிலில் காய்ந்த மண்கல்) வீட்டைப் பார்த்திருக்கிறோம். வீட்டோடு ஒன்றரை ஏக்கர் நிலமும் வருகிறது. அகலம் மிகக் குறைவு. ஆனால் மேட்டில் தொடங்கி ஆற்றங்கரை வரை நாடாவைப் போல நீண்டு கிடக்கிறது. மேல் விளிம்பில் ஒரு வாய்க்கால் போகிறது. நாங்கள் பார்க்கச் சென்ற பிப்ரவரி மாதத்தில் அதில் தண்ணீர் இல்லை. காட்டன்வுட் மரச் சருகுகளும் அடிப்பாகம் உடைந்த ஒரு பிளாஸ்டிக் வாளியும்தான் கிடந்தன.

வீட்டைக் காட்டிய தரகர், "இது நகராட்சியாகப் பதிவு பெறாத ஊர்; மேயர் கிடையாது, மன்றம் கிடையாது, நகர வரி கிடையாது, யாரும் உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டார்கள்" என்று பெருமையாகச் சொன்னார். அந்தப் பேச்சு என் மனைவிக்கு அன்று முதல் உறுத்திக்கொண்டே இருக்கிறது. யாரும் தொந்தரவு செய்யாத ஊரில் நமக்கு ஒரு தொந்தரவு வந்தால் யாரிடம் போய் நிற்பது என்பது அவருடைய கேள்வி. எனக்கும் அதற்கு விடை தெரியவில்லை. சாலை பழுதானால், குடிநீர் நின்றால், தீப்பிடித்தால், ஆறு கரை மீறினால் பொறுப்பு யாருடையது? விற்பனை விளம்பரத்தில் "பாசன உரிமையுடன்" என்று ஒரு சொல் இருக்கிறது. அதற்குப் பொருள் என்ன, அதை எப்படிச் சரிபார்ப்பது என்பதையும் அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: கோப்புக்கட்டு

இதே மாநிலத்தில் வேறொரு கவுண்டியின் (நம் மாவட்டம் போன்ற பிரிவின்) திட்ட அலுவலகத்தில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில், முதல் பாதிக்கு மட்டும் பதில் சொல்கிறேன். வாய்க்காலைப் பற்றி என்னைவிட நன்றாகச் சொல்லக் கூடியவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

பதிவு பெறாத ஊர் என்பதற்கு ஆட்சியே இல்லாத ஊர் என்று பொருளல்ல. அந்த ஊருக்கென்று தனியாக ஒரு நகராட்சி சட்டப்படி உருவாக்கப்படவில்லை என்பது மட்டுமே அதன் பொருள். அப்படிப்பட்ட இடத்தில் உள்ளாட்சியின் வேலை நேராகக் கவுண்டியின் தலையில் விழுகிறது. சிறிய ஊர்கள்தாம் இப்படி இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். லாஸ் வேகாஸின் புகழ்பெற்ற சூதாட்ட விடுதிகள் வரிசையாக நிற்கும் அந்தச் சாலையின் பெரும்பகுதி, லாஸ் வேகாஸ் நகர எல்லைக்கு வெளியே, பாரடைஸ் என்னும் பதிவு பெறாத ஊரில்தான் இருக்கிறது. மாநிலத்திற்கு மாநிலம் இந்தச் சொல்லின் எடையும் மாறும். பென்சில்வேனியாவிலும் நியூ ஜெர்சியிலும் ஒவ்வோர் அடி நிலமும் ஏதோவொரு நகராட்சிக்குள் வந்துவிடுவதால், அங்கே இந்தச் சொல் பெயரளவிலான ஒரு குடியிருப்பைத்தான் குறிக்கும். மேற்கு மாநிலங்களில்தான் அதற்கு முழுப்பொருள் உண்டு.

நீங்கள் பார்த்த இடம் ரியோ அரிபா கவுண்டியைச் சேர்ந்தது. கனெக்டிகட் மாநிலத்தைவிடப் பரப்பில் பெரிய கவுண்டி அது. ஆனாலும் அதற்குள் பதிவு பெற்ற நகராட்சிகள் எஸ்பன்யோலாவும் சாமாவும் மட்டுமே. அந்த எஸ்பன்யோலாவிலும் ஒரு பகுதி அடுத்த கவுண்டியில் கிடக்கிறது. எஞ்சிய ஊர்கள் எல்லாம் டிக்சனைப் போன்றவைதாம். கவுண்டித் தலைமையிடம் வடக்கே தியெரா அமரியாவில் இருந்தாலும், எஸ்பன்யோலாவிலும் அலுவலகம் உண்டு என்பதால், வரி கட்டவும் பத்திரம் பார்க்கவும் மலை ஏறிப் போக வேண்டியதில்லை. குற்றம், தகராறு என்றால் ஷெரிஃப் அலுவலகமும் மாநிலக் காவல்துறையும் வரும். இவ்வளவு பெரிய பரப்பில் அவர்கள் வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும் என்பதைப் பக்கத்து வீட்டாரிடம் கேட்டால் உண்மையான பதில் கிடைக்கும்.

சாலையைப் பொறுத்தவரை ஒரே ஊருக்குள் மூன்று விதமான சாலைகள் இருக்கக்கூடும். டிக்சன் வழியாகப் பென்யாஸ்கோ நோக்கிப் போகும் 75ஆம் எண் சாலை மாநில அரசுடையது. எண் பலகை நட்ட கிளைச் சாலைகள் கவுண்டியுடையவை. அதிலிருந்து உங்கள் வீட்டுக்குப் பிரியும் மண் பாதை தனியார் பாதையாக இருந்தால், அதில் பனி வாருவதும் பள்ளம் நிரப்புவதும் நீங்களும் அக்கம்பக்கத்தாரும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை. அந்தப் பாதையில் போய்வர உங்களுக்கு எழுத்து வடிவில் வழியுரிமை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். என் பணிக்காலத்தில் வந்த புகார்களில் பெரும்பாலானவை இந்தக் கடைசி இருநூறு அடியைப் பற்றியவை.

குடிநீருக்குக் கிணறு அல்லது சங்கம் என இரண்டு வழிகள் உண்டு. இம்மாநிலத்தில் 1947ஆம் ஆண்டின் துப்புரவுத் திட்டச் சட்டத்தின்கீழ், கிராமத்தார் தாங்களே உறுப்பினர்களாகச் சேர்ந்து நடத்தும் குடிநீர்ச் சங்கங்கள் ஏராளமாக இயங்குகின்றன. வீடு அப்படியொரு சங்கத்தில் இணைந்திருந்தால், உறுப்பினர் பங்கு விற்பனையோடு மாறுகிறதா என்று கேளுங்கள். கிணறு என்றால், நீருரிமைகளைக் கவனிக்கும் மாநிலப் பொறியாளர் அலுவலகத்தின் அனுமதி எண் இருக்க வேண்டும். பாதாளச் சாக்கடை கிடையாது, கழிவுநீர்த் தொட்டிதான். அதை உறுதியாகப் பரிசோதிக்கச் செய்யுங்கள். வீடு கைமாறுமுன் தொட்டியைச் சோதிக்க வேண்டும் என்பது மாநிலச் சுற்றுச்சூழல் துறையின் விதி. பழைய வீடுகளில் அந்தத் தொட்டி எங்கே புதைந்திருக்கிறது என்பதே விற்பவருக்குத் தெரியாமல் இருப்பதும் உண்டு.

தரகர் சொன்ன வரிக் கணக்கில் பாதி உண்மை இருக்கிறது. நகர வரி இல்லை. ஆனால் கவுண்டி வரியும் பள்ளி மாவட்ட வரியும் உண்டு, இவற்றோடு வாய்க்காலின் கட்டணமும் உண்டு.

மறுமொழி: கடைமடை

அந்த வாய்க்காலில் கிடந்த வாளியைப் படித்ததும் சிரித்துவிட்டேன். எங்கள் வாய்க்காலிலும் ஆண்டுதோறும் ஒன்று கிடைக்கும். யாருடையது என்று எவரும் ஒப்புக்கொண்டதில்லை. நான் அதே மலைத்தொடரின் வேறொரு பள்ளத்தாக்கில், பெயருக்கேற்பக் கடைமடையில் நிலம் வைத்திருக்கிறேன்.

அதை வெறும் வாய்க்கால் என்று எண்ணிவிடாதீர்கள். அசெக்கியா என்பது அதன் பெயர். பாசன வாய்க்காலைக் குறிக்கும் அரபுச் சொல் ஸ்பெயின் வழியாக இங்கே வந்து சேர்ந்தது. ஸ்பானியர் காலத்தில் குடியேறியவர்கள் தேவாலயத்திற்கு முன்பே தோண்டத் தொடங்கியது பெரும்பாலும் வாய்க்காலைத்தான். இன்று நியூ மெக்சிகோவில் இவை ஏறத்தாழ 700 இருக்கின்றன. மாநிலச் சட்டப்படி ஒவ்வொன்றும் அரசின் ஓர் உட்பிரிவு. அதாவது, மேயரும் மன்றமும் இல்லை என்று தரகர் சொன்ன ஊரில், தேர்தல் நடத்தி, கட்டணம் வசூலித்து, கூட்டக் குறிப்பு எழுதி வைக்கும் ஓர் உள்ளாட்சி உங்கள் நிலத்தின் மேல் விளிம்பிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது.

பாசனப் பங்குதாரர்கள் கூடி மூன்று ஆணையர்களையும் ஒரு மயோர்டோமோவையும் தேர்ந்தெடுப்பார்கள். மயோர்டோமோ என்பவர் நம் ஊர்ப்பக்கத்து நீர்ப்பாய்ச்சியைப் போன்றவர். எந்த மதகு எப்போது திறக்க வேண்டும், யாருடைய முறை எந்த நேரத்தில் முடிகிறது, எந்தக் கரையில் எலி வளை போட்டிருக்கிறது என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருக்கும். கோடையில் ஆறு வற்றும்போது அவருடைய சொல்லுக்கு அப்பீல் கிடையாது. இருந்தால் அது ஆணையர்களிடம்தான்; ஆணையர்களும் அவருடைய மாமன் மச்சானாகவே இருப்பார்கள்.

உங்கள் நிலம் ஏன் நாடா போல இருக்கிறது என்பதற்கும் இதில்தான் விடை இருக்கிறது. தலைமுறைதோறும் பாகம் பிரிக்கும்போது ஒவ்வொரு வாரிசுக்கும் மேலே வாய்க்காலும் கீழே ஆறும் கிடைக்க வேண்டும் என்பதற்காக நிலத்தை நெடுக்காகக் கிழித்துக்கொண்டே வந்தார்கள். மேலே மதகில் தண்ணீர் இறங்கி, பழமரத்தையும் புல்லையும் நனைத்துவிட்டு, மிச்சம் ஆற்றிலேயே போய்ச் சேரும். ஆகவே இந்த நிலங்களில் எல்லைத் தகராறும், பங்கு பிரிக்காத வாரிசுகள் வேறு மாநிலங்களில் இருப்பதும் சர்வசாதாரணம். வில்லங்கம் பார்ப்பதில் சிக்கனம் காட்டாதீர்கள்.

இனி "பாசன உரிமையுடன்" என்ற அந்தச் சொல்லுக்கு வருகிறேன். வாய்க்கால் நிலத்தை ஒட்டிப் போவதாலேயே உரிமை வந்துவிடாது. அந்த நிலத்திற்குரிய நீருரிமையை முந்தைய உரிமையாளர் எவராவது பிரித்து விற்றிருக்கலாம். நிலப் பத்திரத்தில் குறை இருந்தால் ஈடுசெய்யும் உரிமைக் காப்பீடு நீருரிமையைப் பொதுவாக உள்ளடக்காது. ஆகவே கிரயப் பத்திரத்தில் நீருரிமை விற்பனையிலிருந்து விலக்கி வைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மாநிலப் பொறியாளர் அலுவலகத்தில் அந்த நிலத்திற்கு எத்தனை ஏக்கர் பாசனமாகப் பதிவாகியிருக்கிறது என்று கேளுங்கள். வாங்கிய பிறகு உரிமை மாற்றப் படிவத்தை அங்கே தாக்கல் செய்ய வேண்டும். பலர் இதைச் செய்யாமல் விட்டுவிட்டு, அடுத்து விற்கும்போதுதான் அலைகிறார்கள். 1907ஆம் ஆண்டின் நீர்ச் சட்டத்திற்கு முன்பிருந்தே பாய்ந்து வந்த உரிமைகள் என்பதால் இவற்றுக்கு மதிப்பு அதிகம். இருந்தாலும் தொடர்ந்து நான்கு ஆண்டுகள் பயன்படுத்தாவிட்டால் உரிமையை இழக்க நேரிடலாம். அதற்கு மாற்றாக, பயன்படுத்தாதவர்களின் நீரை அசெக்கியாவே வங்கிபோல வைத்துக் காக்கும் ஏற்பாடும் சட்டத்தில் உண்டு. உங்கள் வாய்க்காலின் துணைவிதிகளில் அது இருக்கிறதா என்று கேளுங்கள். இதையெல்லாம் கேட்கும் சாக்கில் மயோர்டோமோவோடு, ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரியும் தலைப்பு வரை ஒருமுறை நடந்து வாருங்கள். பத்திர அலுவலகத்தில் ஒரு வாரம் உட்கார்ந்தாலும் கிடைக்காத செய்தி அந்த நடையில் கிடைத்துவிடும்.

கரையில் வேலி போட்டு வழியை அடைக்க முடியாது. தூர்வாரவும் பார்வையிடவும் உங்கள் நிலத்திற்குள் வரும் உரிமை அவர்களுக்கு உண்டு. யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள் என்று நம்பி வாங்கிய ஒருவர், எங்கள் வாய்க்காலில் கரையோரம் இரும்புக் கதவு வைத்துப் பூட்டினார். மார்ச் மாதத்து ஒரு காலையில் இருபது பேர் மண்வெட்டியோடு அந்தக் கதவின் முன்னே நின்றோம். எவரும் சத்தம் போடவில்லை. மயோர்டோமோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அவர் சாவியைத் தேடி எடுத்து வரும்வரை காத்திருந்தார். அடுத்த ஆண்டு அந்தக் கதவு அங்கே இல்லை.

அந்தக் காலை வேலையைத்தான் லிம்பியா என்கிறார்கள். குடிமராமத்து என்று சொன்னால் உங்களுக்குச் சட்டென்று விளங்கும். பனி உருகி ஆறு பெருகுவதற்கு முன்பு, பங்கின் அளவுக்கேற்ப ஒவ்வொருவரும் ஆள் அனுப்ப வேண்டும் அல்லது தாமே வர வேண்டும். மயோர்டோமோ கையில் ஒரு கோலோடு முன்னால் நடந்து, வாய்க்காலின் அடியில் அளந்து அளந்து கோடு கிழித்துக்கொண்டே போவார். ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவில் இருப்பது ஓர் ஆளின் கூறு. வண்டலை வாரிக் கரையில் போட்டு, வில்லோ வேரை வெட்டி எடுத்துவிட்டு நிமிர்ந்தால், அவர் வந்து பார்த்து, தலையை மட்டும் அசைப்பார். உடனே வரிசையின் முன்னால் போய் அடுத்த கூறில் இறங்க வேண்டும். புதிதாக வந்தவரை ஊரார் எடைபோடுவது அன்றைக்குத்தான்.

மறுமொழி: வடிநிலம்

வெள்ளத்தையும் தீயையும் பற்றி எவரும் சொல்லாததால் சுருக்கமாகச் சேர்க்கிறேன். காப்பீட்டுத் துறையில் வேலை செய்கிறேன்.

சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளச் சேதத்தை ஏற்காது. அதற்கு 1968ஆம் ஆண்டுச் சட்டத்தால் தொடங்கிய கூட்டரசு வெள்ளக் காப்பீட்டுத் திட்டம் தனியாக இருக்கிறது. பகுதியின் உள்ளாட்சி அதில் சேர்ந்திருந்தால் மட்டுமே அங்கே பாலிசி கிடைக்கும். உங்கள் நிலத்திற்கு அந்த உள்ளாட்சி கவுண்டிதான். ஒரு வீட்டுக் கட்டடத்திற்கு அதிகபட்சம் 2,50,000 டாலரும், உள்ளிருக்கும் பொருள்களுக்கு 1,00,000 டாலரும் அதில் கிடைக்கும். பாலிசி எடுத்து முப்பது நாள் கழித்தே பொதுவாக நடைமுறைக்கு வரும் என்பதால், மழை மேகத்தைப் பார்த்துவிட்டு எடுக்க முடியாது. நூறாண்டு வெள்ளம் என்னும் பேச்சைக் கேட்டு ஏமாற வேண்டாம். ஆண்டுக்கு நூற்றில் ஒரு வாய்ப்பு என்பது, முப்பது ஆண்டுக் கடன் முடியும் காலத்திற்குள் ஏறத்தாழ நூற்றில் இருபத்தாறு வாய்ப்பாகிவிடுகிறது.

அந்தப் பகுதியில் ஆற்றைவிடப் பக்கவாட்டு ஓடைகளே எனக்குக் கவலை. ஆண்டு முழுவதும் மணலாகக் கிடக்கும் அரோயோ ஒன்றில், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மலையில் பெய்த இடிமழை அரை மணி நேரத்தில் சேறும் பாறையுமாக இறங்கிவிடும். வீட்டின் மேல்புறம் நின்று, தண்ணீர் எந்த வழியாக வரும் என்று கண்ணால் பாருங்கள். வெள்ள அபாய வரைபடத்தில் நிறம் தீட்டாத இடம் பாதுகாப்பானது என்று பொருளல்ல. மண்சுவர் வீடு என்பதால் சுவரின் அடிப்பாகத்தில் பழைய ஈரக்கறை இருக்கிறதா, அதை மறைக்கப் புதுச் சிமெண்டு பூசியிருக்கிறார்களா என்றும் கவனியுங்கள்.

தீயணைப்பு பெரும்பாலும் தன்னார்வலர்கள் கையில் இருக்கும். நிலையம் சாலைவழியில் ஐந்து மைலுக்குள் இருக்கிறதா, தீயணைப்புக்கு நீர் எடுக்கும் குழாய் முனை ஆயிரம் அடிக்குள் இருக்கிறதா என்பதை வைத்தே காப்பீட்டு நிறுவனங்கள் ஒன்று முதல் பத்து வரை தரம் போடுகின்றன. பத்து என்றால் பாதுகாப்பே இல்லை என்று பொருள். சில நிறுவனங்கள் பாலிசியே தர மறுக்கும். விலை பேசி முடிக்கும் முன் இந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

மறுமொழி: பழஞ்சுவடி

எல்லாரும் பயமுறுத்துவதால் ஒரு சிறு மாற்றுக்கருத்து. மன்றம் இல்லாத ஊரின் குரல் எங்கும் கேட்காது என்ற எண்ணம் கேள்வியில் இழையோடுகிறது. அதே டிக்சனில், அரசுப் பள்ளியில் கத்தோலிக்கக் கன்னியாஸ்திரீகள் பாடம் நடத்துவதை எதிர்த்துப் பெற்றோர் சிலர் கூடி 1948இல் தொடுத்த வழக்கு, மாநிலம் முழுவதற்குமான வழக்காக வளர்ந்து, 1951இல் நியூ மெக்சிகோ உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. டிக்சன் வழக்கு என்றே அதற்குப் பெயர். ஆற்று நீரை அளக்கும் அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் முதல் நிலையமும் 1889இல் அமைந்தது இதற்கு மிக அருகிலுள்ள எம்புடோவில்தான். ரியோ கிராண்டேயில் இன்று எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று அங்கே இன்னமும் அளந்துகொண்டிருக்கிறார்கள். வீட்டை வாங்கினால் அந்த அளவைப் பார்க்கும் பழக்கம் உங்களுக்கும் வந்துவிடும்.

கேட்டவரின் மறுமொழி: மேட்டுநிலத்தான்

அனைவருக்கும் மிக்க நன்றி. கடைமடை அவர்கள் சொன்னபடியே சென்ற வாரம் மயோர்டோமோவைத் தேடிப் போனோம். எழுபது வயதுக்கு மேற்பட்டவர். தொலைபேசியில் பேச விருப்பமில்லை, நேரில் வரச் சொன்னார். தலைப்பு வரை ஏறத்தாழ ஒரு மைல் எங்களை நடக்க வைத்தார். வழியில் விற்பவரைப் பற்றி ஒரு சொல்லும் தவறாகச் சொல்லாமல், நிலத்திற்குக் கடந்த மூன்று ஆண்டுகளாகக் கட்டணமும் செலுத்தவில்லை, தூர்வார ஆளும் வரவில்லை என்பதை மட்டும் ஒரு குறிப்பேட்டைத் திறந்து காட்டினார். பாக்கி தீரும்வரை மதகைத் திறக்க முடியாதாம். தொகை பெரிதல்ல. கிரயம் முடியும்போது விற்பவரின் பணத்திலிருந்து பிடித்துக்கொள்வதாக இப்போது ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறோம். நீருரிமை பத்திரத்தில் விலக்கி வைக்கப்படவில்லை என்பதையும், மாநிலப் பொறியாளர் அலுவலகத்தில் ஓர் ஏக்கருக்குச் சற்று மேல் பாசனமாகப் பதிவாகியிருப்பதையும் சரிபார்த்தாயிற்று. வீட்டுக்குப் போகும் மண் பாதைக்கு வழியுரிமை எழுத்தில் இல்லை. அதற்காக வழக்கறிஞரைப் பார்க்கிறோம். அது முடியாமல் கையெழுத்திடப் போவதில்லை.

இந்தச் சனிக்கிழமை லிம்பியா நடக்கிறது. நிலம் இன்னும் எங்கள் பெயரில் இல்லையே என்றேன். "நிலம் யார் பெயரில் இருந்தால் என்ன, அந்தக் கூறுக்கு ஓர் ஆள் வேண்டும்" என்றார். மண்வெட்டி நாங்களே கொண்டுவர வேண்டுமாம். கடையில் வட்ட முனையும் சதுர முனையும் இருக்கின்றன, எதை வாங்குவது?

மறுமொழி: கடைமடை

வட்ட முனை, நீளக் கைப்பிடி. வேரை வெட்ட அதுதான் ஆகும். புதிதாக வாங்கினால் கூர் இருக்காது. முந்தைய நாளே அரத்தால் தீட்டி வையுங்கள். கையுறை இரண்டு ஜோடி எடுத்துப் போங்கள், முதல் ஜோடி காலை பத்து மணிக்குள் நனைந்துவிடும்.